பூசைக்கு அணைத்த பெட்டி

ஆகஸ்ட் 18, திங்கள்

ராஜேஷ்குமார் இன்றும் பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்குக் கேட்பான், முதலாளியின் மாப்பிள்ளை அல்லவா. சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் நெட் கொடுக்கும் எங்கள் வில்லியனூர் ஆபீசின் சர்வர் அறைச் சாவி அவனுடைய பைக் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்குகிறது. நெட் சரியில்லை என்று நாலு போன் வந்தால் உள்ளே போவான், பட்டனை அழுத்துவான், வெளியே வந்து "ஆயிடுச்சு" என்பான். அவனுக்குத் தெரிந்த நெட்வொர்க் அவ்வளவுதான்.

ஆமாம், ஆயிடுச்சு. அந்த நேரத்தில் பாகூரிலிருந்து அரியாங்குப்பம் வரை எங்கள் நெட்டில் யார் யார் பேசிக்கொண்டிருந்தார்களோ அத்தனை பேர் பேச்சும் பாதியில் அறுந்தது. அதில் ஒருத்தி என் தங்கை.

சுகன்யாவுக்கு முதல் எச்சரிக்கை வந்துவிட்டது. செலியமேட்டில் அப்பா வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு மருத்துவமனைக்குப் போன் செய்கிறவர்களுக்கு டாக்டர் நேரம் குறித்துக் கொடுக்கிறாள். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பேச்சு நடுவில் அறுந்தால் எச்சரிக்கை, மூன்றாவது எச்சரிக்கையோடு வேலை காலி. அப்புறம்? அடிக்கிற புருஷனை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வந்தவள். சம்பாதிக்கிறவரை இரு, இல்லாவிட்டால் உன் வீட்டுக்குப் போய்ச் சேர் என்று அப்பா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவள் வீடாம்.

ஆகஸ்ட் 20, புதன்

முதலாளி ஏகநாதன் அண்ணனிடம் பேசினேன். பேசினேன் என்றா சொல்வது — சுவரில் முட்டிக்கொண்டேன்.

வெளி இணையத்துக்கு எங்களைக் காட்டும் முகவரிகள் கொஞ்சம், அவற்றைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் ஆயிரக்கணக்கில். எந்த வீடு எங்கே என்ன கேட்டது என்று பெட்டி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பதில் வரும்போது அதைப் பார்த்துத்தான் சரியான வீட்டுக்கு அனுப்பும். அந்தப் பட்டியல் இப்போது கெர்னலில், இயங்குதளத்தின் அடிவயிற்றில், இருக்கிறது. வீராம்பட்டினம் தேர் அன்று ஊரே ஒரே நேரத்தில் வீடியோ பார்த்ததில் பட்டியல் நிரம்பிவிட்டது. நிரம்பினால் புதிதாக வருகிறவனுக்கு இடமில்லை. நான் அதைப் பெரிதாக்கியும் பார்த்துவிட்டேன். ஆனால் ராஜேஷ்குமார் பட்டனை அழுத்தினால் பெரிய பட்டியலும் அழியும், சின்னப் பட்டியலும் அழியும்.

பட்டியலை கெர்னலிலிருந்து வெளியே எடுத்து ஒரு சாதாரண புரோகிராமிடம் கொடுத்துவிடலாம் அண்ணா, எழுதியே வைத்திருக்கிறேன் என்றேன். வெளியே வந்துவிட்டால் அது நம் கையில். ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் பெட்டிக்கு அப்படியே கைமாற்றலாம், ஒன்றை அணைத்தாலும் யாருக்கும் பேச்சு அறாது.

"ஓட்றத எதுக்கும்மா நோண்டிக்கினு? மாப்ள பாத்துக்கிறாரு இல்ல."

மாப்பிள்ளை பாத்துக்கிறாராம். புகார் போன் எடுக்கிற வசந்தா அக்கா, அண்ணனின் மனைவி, அங்கிருந்தே சொன்னார், திட்டு வாங்குவது தான்தான் என்று. அதற்காக மட்டும் ஒரு ஊர் லைனில் முயற்சி செய்து பார்க்க அனுமதி கிடைத்தது.

நான் செலியமேட்டைத் தேர்ந்தெடுத்தேன். வேறெதை எடுப்பேன்?

செப்டம்பர் 3, புதன்

செலியமேட்டில் என் புரோகிராம் ஓடுகிறது. நிம்மதி என்று எழுதக் கை வரவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

சுகன்யாவுக்கு இரண்டாவது எச்சரிக்கை. இந்த முறை பட்டனை யாரும் அழுத்தவில்லை. அறுத்தது என் புரோகிராம்.

காரணம் கண்டுபிடிக்க சாயங்காலம் ஆகிவிட்டது. அவள் பேசும் அறைக்குப் பின்னால்தான் மாட்டுக் கொட்டகை. மாடு கத்தினால் மைக்கை மியூட் செய்வாள். ஆஸ்திரேலியாக்காரிக்கு மாடு கேட்கக் கூடாது. இன்றைக்குக் கன்றை அவிழ்த்துவிட்டதில் மாடு கத்திக்கொண்டே இருந்திருக்கிறது, அந்த அம்மாளும் தன் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். இவள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் போகவில்லை. நான் எழுதியதோ வீட்டிலிருந்து வெளியே போவதை மட்டும்தான் உயிர் என்று கணக்கில் வைத்தது. உள்ளே வருவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

எத்தனை சோதனை செய்தேன்! எல்லாம் ஏசி அறையில். மாடு கத்துகிற வீட்டில் எவளாவது போன் வேலை பார்ப்பாள் என்று, அதே வீட்டில் வளர்ந்த எனக்குத் தெரியாதா? மண்டு. என் மேலேயே அப்படி ஒரு கோபம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

திருத்திவிட்டேன். சின்னத் திருத்தம். ஆனால் யாருக்கு வேண்டும்? "ஒங்க புரோகிராமு ஒங்க தங்கச்சி பேச்சையே அறுத்துச்சாமே" என்று ராஜேஷ்குமார் ஆபீஸ் முழுக்கச் சிரித்தான். அண்ணன், இதோட விட்டுடும்மா என்றார். செலியமேடு லைன் மறுபடியும் பழைய பெட்டிக்குப் போய்விட்டது.

வருஷம் முழுக்க இவன் அறுத்தான். அதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

ஆயுத பூசைக்குப் பெரிய பெட்டியை அணைக்க வேண்டுமாம்! ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதான். டில்லர், மோட்டார், தராசு என்று ஊரில் எல்லாவற்றுக்கும் ஓய்வு கொடுத்துப் பொட்டு வைப்பார்கள், எங்களுக்குப் பெட்டி. தீபாராதனை முடிகிறவரை நெட் கிடையாது. ஊரும் திட்டிக்கொண்டே பொறுத்துக்கொள்ளும்.

இந்த வருஷம் பூசை அன்று காலையில்தான் சுகன்யாவுக்குக் கடைசிப் பரிசோதனை. மேலதிகாரி கூடவே இருந்து அவள் பேசுவதைக் கேட்பாராம். ஆஸ்திரேலியாவுக்கு ஏது ஆயுத பூசை?

அண்ணனிடம் மன்றாடினேன். இந்த ஒரு தடவை ஓடுகிற பெட்டிக்கே பொட்டு வைக்கலாமே என்றேன்.

"சாமிக்குக் கொஞ்ச நேரம் குடுக்க மாட்டியா நீ?"

சாமிக்குக் கொடுப்பேன். நெஞ்சு வலிக்குது டாக்டரைப் பார்க்கணும் என்று ஒரு கிழவி போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் அதையும் சாமி கணக்கில் எழுதிக்கொள்ளுமா? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், ஆத்திரத்தில்.

செப்டம்பர் 26, வெள்ளி

மதியம் சாப்பிடும்போது வசந்தா அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுகன்யா, குழந்தை, அப்பா, மாடு, எல்லாம். அக்கா மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து மேசை இழுப்பறையிலிருந்து சர்வர் அறையின் இன்னொரு சாவியை எடுத்து வைத்தார்.

"கம்பெனி எம்பேர்லதான் கீது. கையெழுத்துப் போடறதுக்கு மட்டுமா நானு?"

மறுபடியும் அறுந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். எப்படியும் திட்டு தனக்குத்தான் என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். என் புரோகிராம் ஓடப்போகிற புதுப் பெட்டியும் ஆயுதம்தான், அதற்கும் பூசை உண்டு, அணைத்துத்தான் பொட்டு வைக்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குத்தானே அக்கா இரண்டு பெட்டி.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆபீசில் நானும் அக்காவும் மட்டும். கிடங்கில் சும்மா கிடந்த இரண்டு பெட்டிகளைக் கணக்கு அறையில், அக்கா மேசைக்குப் பக்கத்தில் வைத்தோம். கெர்னலில் இருந்த பட்டியலை என் புரோகிராம் வாசித்து எடுத்துக்கொண்டது. பழைய பெட்டியின் நெட் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியவற்றுக்கு மாற்றினேன். பழைய பெட்டியை மட்டும் அணைக்காமல் விட்டேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கட்டும், மாப்பிள்ளைக்குப் பொழுது போக வேண்டாமா.

புகார் போன் அடிக்கவில்லை.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூசை

கூடத்தில் எல்லாரும் பொரி, அவல், சந்தனம் என்று இருந்தார்கள். ராஜேஷ்குமார் பட்டு வேட்டியில் போய்ப் பெரிய பெட்டியை அணைத்து மாலை போட்டான். அதே நேரம் செலியமேட்டில் சுகன்யா ஹெட்போனை மாட்டியிருப்பாள்.

கணக்கு அறையில் முதல் பெட்டியின் பட்டியலை இரண்டாவதற்குக் கைமாற்றினேன். எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரை காட்டியது. ஆனாலும் பட்டன் மேல் வைத்த விரலை அழுத்த முடியவில்லை. இது தவறினால் மூன்றாவது எச்சரிக்கை, அதுவும் ராஜேஷ்குமார் கையால் இல்லை, என் கையால். அழுத்தினேன். அக்கா அணைந்த பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு அதை ஆன் செய்து, பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, இரண்டாவதை அணைத்தோம். அதற்கும் பொட்டு.

வெளியே பூசணிக்காய் உடைந்தது. அண்ணன் புகார் போனை ஒரு தடவை பார்த்தார், தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். போன் அடிக்கவே இல்லை.

"இந்த வருசம் பூசைய சாமி நல்லா ஏத்துக்கிச்சு" என்றார்.

பொரியை வாயில் போட்டுக்கொண்டேன். இல்லாவிட்டால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 6, திங்கள்

சுகன்யா நிரந்தரம். பரிசோதனை நடந்தபோது நெட் எப்படி இருந்தது என்று கேட்டேன். "எப்பவும் போலத்தான், ஏங்க்கா?" என்றாள். கழுதை.

அக்டோபர் 9, வியாழன்

அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் நெட் வரவில்லை என்றார். ராஜேஷ்குமார் உள்ளே போனான், பட்டனை அழுத்தினான், "ஆயிடுச்சு" என்றான். போனில் அவரும் ஆமாம் வந்துவிட்டது என்றார். அவர் வீட்டில் என்ன பிளக் கழன்றிருந்ததோ.

அந்த நேரம் பார்த்து, காய்ந்துபோன பூசை மாலையை எடுத்துப் போட அண்ணன் அவன் பின்னாலேயே போயிருந்தார். மாலையை இழுத்தபோது பெட்டி லேசாகத் திரும்பியது. அண்ணன் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"நெட்டு ஒயரு ஒண்ணும் இல்லியே?"

"இல்லண்ணா."

"எப்பத்துலேர்ந்து?"

பூசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்றேன். அக்கா எழுந்து வந்து, தான்தான் செய்யச் சொன்னேன் என்றார்.

அண்ணன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பூசை அன்று போன் அடிக்காததை நினைத்தாரோ என்னவோ. பிறகு மாப்பிள்ளைக்கு நேராகக் கையை நீட்டினார். வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற ராஜேஷ்குமாருக்கு வெகு நேரம் ஆனது. அண்ணன் அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு நல்ல வார்த்தை? வராது. எனக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுகன்யா கூப்பிட்டாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே சாவியைப் போட்டு சர்வர் அறையைத் திறந்து, பழைய பெட்டியை நானே அணைத்தேன். மாடு பண்ணுகிற அட்டகாசத்தைப் பற்றி அவள் நிறுத்தாமல் புலம்பிக்கொண்டே இருந்தாள்.