நாலாவது மாடியில் ஆக்காட்டி

இன்று காலை மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் தார் காய்ச்ச ஆரம்பித்தோம். புகை முகத்தில் அடித்ததும் வேலையாட்களிடம் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு ஓரமாய்ப் போய் உட்கார்ந்துகொண்டேன். நீ போன பிறகு வரும் இரண்டாவது மே மாதம் இது. மழைக்கு முன்னால் மாடி ஒழுகாமல் அடைத்துக் கொடுக்கும் இந்த வேலையைப் பதினாறு வருஷம் நாம் சேர்ந்தே செய்தோம். தார் வாசனை வந்தால் பக்கத்தில் நீ நிற்கிறாய் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

செம்பூர் வேலை ஞாபகம் வந்துவிட்டது. நாலு மாடிக் கட்டடம். பின்னால் புதர் மண்டிய காலி மனை. முன்பு எப்போதோ ரிப்பேருக்கென்று கொண்டுவந்த ஜல்லி மாடியெங்கும் பரவிக் கிடந்தது. கதவைத் திறந்தோமோ இல்லையோ, ஒரு பறவை கத்திக்கொண்டு நம் தலைக்கு மேல் பாய்ந்தது. நீளமான மஞ்சள் கால். கண்ணோரம் சிவப்பாய் ஒரு தசை.

"ஆக்காட்டில்லா இது! கொளத்தங்கரையில கெடக்கிறது. பம்பாய்ல, அதுவும் மாடியில என்னலே பண்ணுது?" என்று சிரித்தாய்.

அது தண்ணீர்த் தொட்டியோரம் போய், முட்டை மேல் உட்காருவது போல அடக்கமாய் உட்கார்ந்தது. நான் கிட்டே போனேன். எழுந்து ஓடியது, அங்கே ஒன்றுமே இல்லை. அடுத்து ஒரு சிறகைத் தொங்கவிட்டு, நொண்டி நொண்டி என்னைக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. பிடித்துவிடலாம் என்று குனிந்தபோது ஜோராய்ப் பறந்துவிட்டது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு தொட்டி நிழலில் அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, உண்மையான இடத்தை நீதான் கண்டுபிடித்தாய். தெற்கு மூலையில் ஜல்லிக்கு நடுவே நாலு முட்டை. காட்டிய பிறகும் எது கல், எது முட்டை என்று எனக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்குத்தான் நமக்குள் சண்டை வந்தது.

"முட்டையத் தூக்கி அந்தப் பக்கம் வச்சிருவோம். அது தேடி வந்து உக்காரும்" என்றேன்.

"உக்காராதுலே. விட்டுட்டுப் போயிரும். அந்த மூலைய மட்டும் கடைசியாப் பண்ணுவோம்."

"அதுக்குள்ள மழை வந்துட்டா? கீழ் வீட்டுல ஒழுகுச்சுன்னா செம்பூர் பூரா நம்ம பேரு நாறிரும். அப்புறம் எவன் கூப்பிடுவான்?"

"நான் பில்டிங் செக்ரட்டரிகிட்ட பேசிக்கிடுதேன்."

அப்போதுதான் அதைச் சொன்னேன். "ஒனக்குப் பிள்ளையா குட்டியா? அதான் கண்ட குஞ்சையும் கட்டிக்கிட்டு அழுத."

நீ துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வடக்குப் பக்கம் போய்க் கூட்ட ஆரம்பித்தாய்.

மூலையை விட்டு மீதி மாடியை நாலு நாளில் முடித்துவிட்டு வேறு இடத்து வேலைக்குப் போனோம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நீ மட்டும் பஸ் ஏறி செம்பூர் போய்விட்டு வருவாய். ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனாய். நடுப்பகல், தளம் கொதித்தது. தாய், முட்டை மேல் உட்காராமல் குடை போல நின்று நிழல் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று பறந்து வந்தது. அதன் வயிற்று இறகிலிருந்து தண்ணீர் சொட்டியது. வந்த ஈரத்தோடு முட்டை மேல் அமர்ந்தது.

"பாத்தியாலே? மத்த பறவையெல்லாம் முட்டைக்குச் சூடு குடுக்கும். இது ஈரத்துணி சுத்துது" என்றாய். உன் குரலில் கோபம் துளியும் இல்லை. அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "ஆமா" என்றேன், அவ்வளவுதான்.

குஞ்சு பொரித்த மறுநாள் வானம் கருத்துவிட்டது. தார்ச் சட்டியோடு ஓடினோம். மூன்று குஞ்சுகள் மாடியில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு முட்டை பொரிக்கவில்லை. இரண்டு பெரிய பறவைகளும் கீழே காலி மனையில் நின்று விடாமல் கூப்பிட்டன. குஞ்சுகள் மழைத்தண்ணீர் வடியும் துவாரத்தைத் தேடிப் போவதைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது.

"கீழ ஓடுலே! குதிக்கப் போகுது!"

நானும் வாட்ச்மேனும் தார்ப்பாயை விரித்துப் பிடித்தோம். முதல் குஞ்சு பஞ்சுபோல மெத்தென்று விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதைக் காற்று தள்ளிவிட்டது. தார்ப்பாய்க்கு வெளியே மண்ணில் விழுந்து அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று கையை நீட்டினேன்.

மேலேயிருந்து நீ கத்தினாய்: "தொடாத! ஆத்தா கத்துனா அது அப்படித்தான் கல்லு மாதிரிக் கெடக்கும். தள்ளிப் போ!"

சுவர் மறைவுக்குப் போனோம். தாயின் அலறல் நின்றது. அந்தக் கல்லுக்கு இரண்டு கால் முளைத்தது. புதருக்குள் ஓடி மறைந்தது. நான் ஏனோ அழுதுவிட்டேன். நீ அங்கேயிருந்து பார்த்தாயா என்று கேட்டதில்லை.

மூலையை முடித்து, தார் இறுகிய பிறகுதான் மழை வந்தது. கீழ் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் சேர்ந்து வேலை பார்த்தோம். ஒரே தட்டில் வடாபாவ் தின்றோம். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு எத்தனையோ மத்தியானங்கள் கிடைத்தன. பிறகு ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாய். நான் வந்து சேருமுன் முடிந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை தாராவியில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மனைவி, "அந்தக் குஞ்சுக் கதைய எத்தனை தடவ சொல்லியிருக்காவ தெரியுமாண்ணே? 'அவன் மட்டும் கீழ நிக்கலைன்னா மூணும் போயிருக்கும்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ" என்றாள். அன்றைக்குச் சண்டையில் நான் சொன்னதை மட்டும் அவளிடம் நீ சொல்லவே இல்லை என்று அப்போது தெரிந்தது. என்னால் தாங்க முடியவில்லை. நானே சொல்லிவிட்டேன்.

அவள் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். பிறகு, "அது அவுக காதுல விழலைன்னு நெனைச்சுக்கிடுங்கண்ணே" என்றாள்.

நினைத்துப் பார்க்கிறேன், முடியவில்லை. ஓடு உடைவதற்கு முந்தின நாள் முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கத்துவதை, பத்தடி தள்ளி நின்றே கேட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்து சொன்னவன் நீ.