கீரைக்குப் பிடித்த மண்

ஜூலை 9
மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. இந்த நேரத்துக்கு உன்னைத் திறக்கிறேன், மன்னிச்சுக்கோ நோட்டே. ஜெபா இப்போதுதான் தூங்கினாள். ஒன்றரை வயசுக்கு இத்தனை அழுகையா? அவள் அப்பா ராபினுக்கு நைட் ஷிப்ட்.

மழைக்கு முன்னால் மேடாக்க, வீட்டுக்காரர் தணிகாசலம் பின்பக்கம் ரெண்டு லோடு கருப்பு மண் கொட்டியிருக்கிறார். "இன்னாமா பாக்குற? ஃபேக்டரில சும்மாவே குடுத்தாங்க. இல்லாங்காட்டி ஊட்டுக்குள்ள தண்ணி நிக்கும்."

அதில் சிறுகீரை விதைத்தேன். ஓரமாக, ஏரிக்கரையை மட்டம் தட்டியபோது எடுத்துவந்த ஒரு பிடி அழுகண்ணி, பூச்சி பிடிக்கிற அரிய செடி.

ஜூலை 16
அழுகண்ணி கருகிவிட்டது. எம்.எஸ்சி.க்கு நான் எழுதியதே இதுதான் — சாதாரணச் செடி எந்த மண்ணையும் தாங்கும், அரிதானது தாங்காது. புளிப்பான, சத்தில்லாத ஈர மண்தான் வேணும் இதுக்கு. ரொம்பத்தான் செல்லம்.

ராபினுக்குச் சிரிப்பு. "சாரா, பாட்டனி படிச்சேன்னு வெளிய சொல்லிக்கினு திரியாத."

ஆகஸ்ட் 8
கீரை தளதளவென்று. தினமும் பருப்போடு மசித்து ஜெபாவுக்கு.

செப்டம்பர் 12
சாப்பிட மாட்டேங்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். பேசின நாலு வார்த்தையும் நின்னுபோச்சு. "ப்பா" கூட இல்ல.

செப்டம்பர் 19
ரத்தத்தில் ஈயம்.

"வீட்டச் சுத்தி மண்ணு ஏதாவது கொட்டினாங்களா?" டாக்டர் கேட்டார். ராபின்தான் சொன்னார். தணிகாசலத்தைப் பிடித்துக் கேட்டபிறகு தெரிந்தது, அது மண்ணே இல்லை. பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கிற உலையின் சாம்பல்.

கீரை நல்லா வந்துச்சே, அப்ப மண்ணு நல்ல மண்ணுன்னு நினைச்சேன். தாங்கும்னு எழுதினவ நான்தானே? ஈயத்தை உள்ள வச்சுக்கினே பச்சையா நிக்கும்னு ஏன் தோணல? ஒரு செடி ஒரே வாரத்துல செத்துக் காட்டிச்சு. அதுக்குச் செல்லம்னேன். என் கையாலயே ஊட்டினேன் —

செப்டம்பர் 21
"நீ இன்னா, வேணும்னேவா பண்ண?" என்றார் ராபின். கம்பெனி கையுறையைப் போட்டுக்கொண்டு பாத்தி முழுவதையும் பிடுங்கினார்.

அக்டோபர் 24
இரண்டாவது டெஸ்ட். ஈயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பேச்சு வருமா என்று கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார் டாக்டர்.

என்னோடு படித்த ஈஸ்வரி இப்போது வேப்பம்பட்டில். அவளுக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

ஈஸ்வரி, அங்க எங்களுக்கு ஒரு வாடகை வீடு பாரு. மூணாவது மாடின்னாலும் ஏறிக்கிறோம். சுத்தி மண்ணே இல்லாத வீடா இருக்கணும். ஏன்னு இப்ப கேக்காத. சீக்கிரம் பதில் போடு.