நூற்றில் தொண்ணூறு

ஏப்ரல் 2, செவ்வாய்

ஆற்றுக்கு அந்தப்பக்கக் கல்லூரியிலிருந்து இன்று ஐந்தாவது கடிதம். பளபளவென்று தாள், சிரிக்கிற பிள்ளைகள். இவ்வளவு ஆசையாக யாராவது கூப்பிட்டால் எனக்குச் சந்தேகம் வரும். இன்னொன்று, பஸ்ஸில் போகிற அரசுக் கல்லூரி, ஒரே ஒரு கடிதம் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறது. அதையும் நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் குரு அபூனாவிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது கேட்க வேண்டும். மறந்துபோகாமல் வரிசையாக எழுதி வைக்கிறேன். தம்பி மகள் வெரேனா டாக்டராக வேண்டும். அதற்கு இந்த நாட்டில் முதலில் நாலு வருஷம் வேறு கல்லூரி, அப்புறம்தான் மருத்துவக் கல்லூரி. மே ஒன்றுக்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதுவானாலும் வீட்டிலிருந்துதான் போய் வர வேண்டும். தம்பி ரம்ஸிக்கு திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். விடிகாலை ஐந்துக்குக் காரில் கொண்டுபோய் விட அவளைத் தவிர யார்? அவள் அம்மா கர்த்தரிடம் போய் நாலு வருஷம். நான் எங்கள் நாட்டு மின்யாவிலிருந்து இங்கே வந்து சமைக்கிறேன், ஜெபிக்கிறேன். கார் ஓட்டத் தெரியாது. நர்ஸ் பேசுகிற இங்கிலீஷ் புரியாது.

ஏப்ரல் 4, வியாழன்

வெரேனாவின் மெத்தையை நான் தட்டும்போது அடியில் ஒரு தாள். கட்டில், மேசை, ஜன்னல் படம். ஹாஸ்டல் அறை என்று தெரிய இங்கிலீஷ் தேவையில்லை. கேட்டேன்.

"எல்லாருக்கும் அனுப்புவாங்க அத்தை. என் மெத்தைய யாரு தூக்கச் சொன்னது?"

"எல்லாருக்கும் வர்றது ஏன் மெத்தைக்கு அடியில போவுது?"

"பார்த்துட்டு இருந்தேன். பார்க்கறது கூடப் பாவமா?"

முதல் வருஷம் வீட்டிலிருந்து போவதாகச் சொல்லிவிட்டு இரண்டாம் வருஷம் பெட்டி கட்டுவாளோ? கட்டினால்தான் என்ன செய்வேன்?

ஏப்ரல் 7, ஞாயிறு

அபூனா சொன்னார், பெரிய பேர் உள்ள இடம் நல்லதுதான், ஜெபியுங்கள் என்று. நான் கேட்பதற்கு முன்னாலேயே ரம்ஸி கோயில் கூடத்தில் முக்கால்வாசிப் பேரிடம் சொல்லிவிட்டான், "என் பொண்ணு ஆத்தத் தாண்டிப் போகப்போறா" என்று. அவனுக்கு மகள் படிப்பு வேண்டுமா, அந்தப் பேர் வேண்டுமா? அபூனாவின் முகமும் பேரைக் கேட்டதும் மலர்ந்ததைப் பார்த்தேன். அவரையும் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். தப்பு. வீட்டுக்கு வந்து பரிகாரமாக இருபது தடவை கர்த்தர் முன்னால் தரையில் விழுந்து எழுந்தேன். முழங்கால் போச்சு.

ஏப்ரல் 13, சனி

மூன்று பேரும் ஆற்றுக்கு அந்தப்பக்கம் போனோம். இரண்டு ரயில், பதினெட்டு நிமிஷ நடை. வாசலிலிருந்து வாசலுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம். சேரப்போகும் பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் பெரிய மண்டபத்தில் கூட்டம். பழச்சாறு, பாலாடைக்கட்டி – தவக்காலம், நான் தொடவில்லை.

பச்சைச் சால்வை போட்ட ஒரு அம்மா மேடையில் பேசினாள். வெரேனா காதில் சொல்லச் சொல்லக் கேட்டேன். எங்களிடமிருந்து மருத்துவக் கல்லூரிக்கு எழுதிப்போடுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இடம் கிடைக்கிறது என்றாள். மண்டபமே கை தட்டியது. ரம்ஸி எழுந்து நின்று தட்டினான், பாவம், ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையோடு.

நான் மட்டும் தட்டாமல் வெரேனாவின் முழங்கையை இழுத்தேன்.

"அந்தம்மாவைக் கேளுடி. டாக்டராவணும்னு மொத வருஷம் வந்து சேர்றது எத்தனை பேருன்னு கேளு."

"எதுக்கு அத்தை?"

"நூறுன்னு சொல்றாளே, அது எந்த நூறு?"

"சும்மா இரு அத்தை. மானம் போவுது."

ரம்ஸி திரும்பி, "அக்கா, உன் சந்தேகத்த வீட்டுலயே வச்சுட்டு வந்திருக்கலாம்" என்றான். பக்கத்து வரிசைக்காரர்கள் நாங்கள் என்ன மொழி பேசுகிறோம் என்று பார்த்தார்கள். வெரேனா கேட்கவேயில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வெரேனா என்னோடு பேசவில்லை. நானும்.

ஏப்ரல் 20, சனி

நாளை குருத்தோலை ஞாயிறு. ஓலையில் சிலுவை பின்னிக்கொண்டிருந்தபோது வெரேனா வந்து உட்கார்ந்தாள். "அன்னிக்கு ஏன் அப்படிக் கேட்டே?"

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். கை வேலையாக இருந்ததால் வாய் தானாகத் திறந்துகொண்டது.

எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்துச் சுவரில் நீலப் பெயின்ட்டில் எழுதியிருக்கும், ஆறாம் வகுப்புப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று. உண்மைதான். பொய்யே இல்லை. தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளைத் தலைமையாசிரியர் பரீட்சைக்கே அனுப்ப மாட்டார். என் வருஷத்தில் ஏழு பேரை நிறுத்தினார். நான் ஒருத்தி. கணக்கு எனக்கு வராமல் இல்லை. என்னைவிட இரண்டு வகுப்பு கீழே இருந்த ரம்ஸிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அம்மா படுக்கையில் கிடந்தாள். வாரத்தில் இரண்டு நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதனால் தேறுவேனா என்று அவருக்குச் சந்தேகம். இனிமேல் எனக்குப் படிப்பு வேண்டாம் என்று நானே பள்ளிக்கூடத்தில் சொன்னதாக வீட்டில் சொல்லிவிட்டேன். அதையே நாற்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

"ஆள் கழிக்கறதுன்னா மொதல்ல யாரைக் கழிப்பாங்க தெரியுமா? வீட்டுல வேலை இருக்கிறவளை."

அவள் ஓலையைப் பின்னிக்கொண்டே இருந்தாள். கோணல்மாணலாகப் பின்னினாள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

வெரேனா அந்தக் கல்லூரிக்குக் கேள்வி எழுதினாளாம். ஒவ்வொரு மாணவரின் பாதையும் தனித்தனி என்று பதில் வந்தது. எண்ணைக் கேட்டால் பாதையைச் சொல்கிறார்கள்.

சாயங்காலம் கோயிலில் ஆராதனை முடிந்ததும் இரீனியைப் பிடித்து நிறுத்தினாள். இரீனி ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே படித்தவள், இப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. டாக்டர் படிப்பில் மனசு மாறிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னவள். செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று, யாராவது வருகிறார்களா என்று பார்த்துப் பார்த்துப் பேசினாள்.

"என் கூட இருநூறு பேர் ஆரம்பிச்சாங்க. மருத்துவக் கல்லூரிக்குப் போக இவங்க ஒரு சிபாரிசுக் கடிதம் தரணும். நாப்பது பேருக்குத்தான் தந்தாங்க. அந்த நாப்பதுலதான் தொண்ணூறு சதவீதம்."

"உனக்கு?" என்றேன்.

"கெமிஸ்ட்ரியில ஒரு தடவை மார்க் குறைஞ்சுது. கூப்பிட்டு வச்சு, ரொம்ப அன்பா, வேற ஏதாவது யோசிக்கிறியான்னு கேட்டாங்க. எங்கம்மா கிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி."

சொல்ல மாட்டேன். இங்கே எழுதியது மட்டும்தான்.

ஏப்ரல் 26, பெரிய வெள்ளி

நானூறு தடவை விழுந்து எழுந்தேன். நடுவில் பச்சைச் சால்வைக்காரியைத் திட்டியதால் அதையும் சேர்த்து நானூற்றுப் பத்து.

ஏப்ரல் 29, திங்கள்

ஈஸ்டர் முடிந்து மறுநாள், இறைச்சி வெந்துகொண்டிருக்கும்போதே சண்டை. அரசுக் கல்லூரிக்கே போகிறேன் என்றாள் வெரேனா. டயாலிசிஸிலிருந்து களைத்து வந்த ரம்ஸி கத்தினான். "கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இப்ப பஸ் ஏறிப் போற காலேஜுன்னு எப்படிச் சொல்லுவேன்? எல்லாம் உன் அத்தை ஏத்திவிட்டது. தானும் படிக்கல, படிக்கிறவளையும் விடமாட்டா."

நான் சட்டியைக் கிளறினேன். வெரேனா பேசிவிட்டாள். நீலப் பெயின்ட், ஏழு பேர், எல்லாவற்றையும் அவன் முன்னால் போட்டு உடைத்துவிட்டாள். உன்கிட்ட நம்பிச் சொன்னேனே பாவி.

அவன் என்னைப் பார்த்தான். "நீயா வேணாம்னு சொன்னதா தானே அப்பா சொன்னாரு?"

"சாப்பிடு, ஆறிடும்" என்றேன்.

மே 1, புதன்

டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தபடியே, குழாய் சொருகாத கையால், வெரேனாவின் போனில் ரம்ஸியே பொத்தானைத் தட்டினானாம். அரசுக் கல்லூரி. பஸ்ஸில் இருபத்தைந்து நிமிஷம். மெத்தைக்கு அடியில் இருந்த தாள் குப்பைத்தொட்டியில் கிடந்தது. கிழிக்கவில்லை, மடித்துப் போட்டிருந்தாள். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

இந்த அரசுக் கல்லூரிக்காரர்களும் எதையாவது மறைக்காமலா இருப்பார்கள்?

அக்டோபர் 14, திங்கள்

வெரேனாவுக்குக் கெமிஸ்ட்ரியில் ஐம்பத்தெட்டு. வெள்ளிக்கிழமை பரீட்சை. அன்று காலையில் ரம்ஸிக்கு ரத்த அழுத்தம் விழுந்து, இவள் எட்டரை வரை அங்கேயே நின்றிருக்கிறாள். சாப்பிடாமல் போய் எழுதியிருக்கிறாள். வியாழக்கிழமை வாத்தியாரம்மா வந்து பார்க்கச் சொன்னாராம்.

ஆரம்பிச்சாச்சு. கூப்பிட்டு வச்சு அன்பாத்தான் பேசுவாங்க. நான்தானே இவளை இங்க அனுப்பினேன். கர்த்தரே, நான்தானே.

அக்டோபர் 17, வியாழன்

"வீட்டுல உனக்கு என்ன வேலைன்னு கேட்டாங்க அத்தை. சொன்னேன்."

"ஏன் சொன்னே? எழுதி வச்சுக்குவாங்க."

"எழுதித்தான் வச்சுக்கிட்டாங்க. இனிமே எனக்கு வெள்ளிக்கிழமை பரீட்சை கிடையாது. செவ்வாய்க்கிழமை எழுதற பிள்ளைங்களோட சேர்ந்து எழுதணும்."

இருக்கட்டும். செவ்வாய் வரட்டும், பார்க்கலாம்.

அக்டோபர் 31, வியாழன்

எழுபத்தாறு. தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினேன். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஏதோ இரண்டு வரி.

"இங்க என்ன திட்டியிருக்கு?"

வெரேனா வாய் நிறைய ரொட்டியோடு எட்டிப் பார்த்தாள். "திட்டல அத்தை. அடுத்த பருவத்துக் கெமிஸ்ட்ரிக்கும் பேர் குடுத்துட்டியா, இடம் தீர்றதுக்குள்ள குடுன்னு எழுதியிருக்காங்க."