அரசருக்கு நான் மொழிபெயர்க்காத நான்கு வசனங்கள்

அப்பா, என் நல்ல அப்பா,

அரசர் எங்களுக்கு முன்னால் வந்து நின்ற அந்த அரை நிமிடத்தில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். அம்மா தமிழில் நான்கு வசனம் சொன்னார். "என்ர மனிசன் முப்பத்திமூண்டு வருசம் இந்தத் துறைமுகத்தில மீன் வெட்டினவர். உங்கட அம்மா புதுவருசத்துக்குப் பேசேக்க சேர்ட்டு மாத்தாமல் ரிவிக்கு முன்னால இருக்கமாட்டார். நீங்கள் கையெழுத்து வைக்கிற பட்டியலில அவற்ர பேர் கடைசிவரைக்கும் வரேல்ல. எண்டாலும் அவர் கோவிச்சுக்கொண்டு போகேல்ல."

மொழிபெயர்ப்பதற்காகத்தான் நான் பக்கத்தில் நின்றேன். அரசர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். நான் டெனிஷில், "அம்மா உங்களை வரவேற்கிறார்" என்றேன். அவர் நன்றி சொல்லி அடுத்தவரிடம் போனார். என் கையில் காகிதக் கொடி இருந்தது. அதை ஆட்டிக்கொண்டும் இருந்தேன்.

நீங்கள் போய் இது இரண்டாவது கோடை. இந்த முறை அரச கப்பல் எங்கள் எஸ்பியர்க் துறைமுகத்துக்கு வந்தது. நகரசபை எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குக் கடிதம் எழுதி, சேலை கட்டிய பெண்கள் சிலர் நிறைகுடத்தோடு வரவேற்பில் நிற்க முடியுமா என்று கேட்டிருந்தது. அம்மா முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, "நீயும் வாறாய்" என்றார்.

எனக்கு விருப்பமில்லை. பிறப்பால் ஒருவர் மேலே நிற்பதை நான் ஏற்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இதே முடியின் பெயரில் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள் என்று உங்களிடம் எத்தனை தரம் வாதாடியிருக்கிறேன். நீங்கள் சிரித்துக்கொண்டு, "அவை அங்க வந்தவை, நாங்கள் இஞ்ச வந்தனாங்கள், கணக்குச் சரி" என்பீர்கள். ஆனால் அரசி பதவி விலகுவதாக அறிவித்த அந்தப் புத்தாண்டு மாலை, கழுத்தில் கட்டிய ரையோடு தேத்தண்ணிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, "ராணியும் பென்சன் எடுக்கிறா" என்று நீங்கள் சொன்னபோது, எனக்கும் கவலை வந்தது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. யாருக்காக, அவவுக்காகவா, உங்களுக்காகவா?

கப்பல் வந்த அன்று வரவேற்பு மண்டபத்தில் ஒரு கூத்து நடந்தது. நீங்கள் இருந்திருந்தால் கிழமைக் கணக்கில் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். ஏற்பாட்டுக்குப் பொறுப்பான டெனிஷ் பெண் முன்பு ஒருநாள் சங்க மண்டபத்துக்கு வந்திருக்கிறார். சுவரில் மாலை போட்ட படங்களைப் பார்த்து, அது எங்கள் உயர்ந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டார். ஓகூஸ் நகரத்துத் தமிழ்க் கடையில் ஒரு துணிமாலையை வாங்கி, வாசலில் இருந்த அரசரின் படத்துக்குப் போட்டு வைத்திருந்தார்.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "உயிரோட இருக்கிற மனிசன்ர படத்துக்கு மாலை போட்டிருக்கினமே. கப்பலால இறங்கி வந்து பார்த்தா, தான் செத்துப்போனதை அவர் இஞ்சதான் அறிவார்." சொல்லிக்கொண்டே கதிரையில் ஏறி மாலையைக் கழற்றினார்.

அந்தப் பெண் ஓடி வந்து, "ஏன், அழகாகத்தானே இருந்தது?" என்றார். இது இறந்தவர்களுக்குப் போடுவது என்று விளக்கினேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. பிறகு மெதுவாக, "உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கிறதா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். நான், "அது பொதுவான ஒரு வழக்கம்" என்றேன். பார்த்தீர்களா அப்பா, அன்றைக்கு நான் விழுங்கியது அந்த நான்கு வசனங்களை மட்டுமல்ல.

ஏன் விழுங்கினேன் என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பதிலும் இரண்டு நாளுக்கு மேல் நிற்பதில்லை. வரிசை நீளம், நேரம் இல்லை என்று முதலில் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் நிதானமாகத்தான் நின்றார். வெட்கமோ என்று பார்த்தேன். கொஞ்சம் உண்மை. அவர் பண்பாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், உங்கள் முப்பத்துமூன்று வருடமும் அந்தத் தலையாட்டலோடு முடிந்துவிடும் என்ற பயமும் இருந்தது.

ஆனால் தொண்டையில் சிக்கியது நான்காவது வசனம் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நீங்கள் கோவிக்கவில்லை. நான் கோவித்தேன். குடியுரிமைக்கான மொழிச் சோதனையில் நான்கு தரம் எழுத்துப் பகுதியில் விழுந்து, ஒவ்வொரு தரமும் "அடுத்த முறை பாப்பம்" என்று நீங்கள் சப்பாத்தைக் கழற்றி வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. உங்கள் மன்னிப்பை என் வாயால் எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது என்னுடையதும் அல்ல, தடுத்து வைக்க எனக்கு உரிமையும் இல்லை. இருந்தும் தடுத்துவிட்டேன்.

பஸ்ஸில் அம்மா மாலையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். துறைமுகம் மறைந்த பிறகுதான் பேசினார். "நான் அவ்வளவு சொன்னனான். நீ ஒரு மூச்சில முடிச்சுப்போட்டாய். டெனிஷ் நல்ல சின்னப் பாசைதான், என்ன பிள்ளை?"

"அம்மா, அது..."

"எனக்குக் கதைக்க, எழுதத்தான் வராது. காது கேக்கும்."

வீட்டுக்கு வந்து மாலையை உங்கள் படத்துக்குப் போட்டார். "அரசருக்கு வந்தது, நீங்கள் போடுங்கோ" என்று உங்களிடம் சொன்னார். என்னிடம் இரண்டு நாள் கதைக்கவில்லை.

அந்த இரண்டு நாளில் இன்னொன்று நினைவுக்கு வந்தது. எனக்குக் குடியுரிமை கிடைத்த வருடம், அரசி கையெழுத்து வைக்கும் அந்தப் பெயர்ப் பட்டியல் அச்சான தாளை எடுத்து வந்து என் பெயரின் கீழ் நீங்கள் கோடு போட்டீர்கள். எங்கள் வழக்கப்படி என் பெயருக்குப் பின்னால் நிற்பது உங்கள் பெயர்தானே. விரலை அதில் வைத்து, "பார் பிள்ளை, என்ர பேரும் வந்திட்டுது. ராணி வாசிச்சுத்தான் கையெழுத்து வைச்சிருப்பா" என்றீர்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எல்லாம் படித்துவிட்ட நினைப்பு. "அது என்ர பேர், அப்பா. உங்கட இல்லை. அவ வாசிக்கிறதும் இல்லை" என்றேன். நீங்கள் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகும் அரசி பேசும் நாளில் ரை கட்டினீர்கள். என் பேச்சு உங்களுக்கு வலித்ததா? கேட்காமலே இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அம்மா மொழிப் பாடசாலையில் பெயர் பதிந்துவிட்டு வந்தார். அறுபத்தொரு வயதில், உங்கள் பழைய அகராதியைத் தூக்கிக்கொண்டு செவ்வாயும் வியாழனும் போகிறார். போன மாதம், யாருக்காவது ஒரு கடிதம் எழுதி வரும்படி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் வாடகை வீட்டுக்காரருக்கும் பல் வைத்தியருக்கும் எழுத, அம்மா அரசருக்கு எழுதினார். அதே நான்கு வசனம். குசினி மேசையில் மூன்று மாலை இருந்து எழுதினார்.

"நான் ஒருக்காப் பாக்கட்டோ அம்மா?"

"வேண்டாம். நீ குறைச்சுப்போடுவாய்."

தானே உறையிலிட்டு, தபால் எடுக்கும் கடையில் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தார்.

அடுத்த முறை கப்பல் வந்தால் போவேனா என்று கேட்காதீர்கள். தெரியவில்லை. கொடியைப் பார்த்தால் இன்னும் கை உயர்கிறது, மனம் அதைப் பிடித்து இழுக்கிறது. இரண்டும் என்னுடையவைதான் போலிருக்கிறது. ஒன்றை மட்டும் உங்களுக்கு வாக்காகத் தருகிறேன்: அம்மா சொல்வதை இனி யாரிடம் சொல்வதானாலும், எனக்குப் பிடிக்காத வசனத்தையும் சேர்த்து முழுவதாகச் சொல்வேன்.

இந்தக் கடிதத்தை முடிக்காமல் வைத்திருந்த கிழமை அரண்மனையிலிருந்து பதில் வந்தது. இரண்டு வரி, நன்றி என்று. அம்மா தானே வாசித்தார். உறையின் மேல் அம்மாவின் பெயரும், அதற்குப் பின்னால் உங்கள் பெயரும் இருந்தன.

உங்கள் பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் கொண்டு திரியும்
உங்கட பிள்ளை