கதிரை இன்னும் அவருடையதுதான்

12 பெப்ரவரி 2006, ஞாயிறு

கோயிலில் பூசை முடிந்து எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டம். தலைவர் செல்வம் அண்ணை யாரையும் கேட்காமல் பிள்ளைகளின் தமிழ் வகுப்பை நிறுத்தியதற்கு நான் கொண்டுவந்த குற்றச்சாட்டு நிறைவேறியது. உடனே ஒருவர் போய் அவருடைய கதிரையில் இருந்துவிட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"எழும்புங்கோ! இண்டைக்குக் குற்றம் மட்டும்தான் சாட்டினது. அமெரிக்க ஜனாதிபதிக்கும் இப்பிடித்தான். ஒரு சபை குற்றம் சாட்டும், மற்றச் சபை விசாரிக்கும். அங்க மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால்தான் பதவி போகும். அடுத்த கிழமை அண்ணை கதைக்கட்டும். பேந்துதான் விலக்கிறதுக்கு வாக்கு."

வழக்கம்போல செல்வம் அண்ணையின் காரில்தான் திரும்பினேன். பனி கொட்டியது.

"தங்கச்சி, அப்ப உம்மட வாக்கு எனக்கோ?"

"இல்லை அண்ணை. உங்களை விலக்கத்தான்."

வீட்டு வாசலில் நிறுத்தினார். "அடுத்த ஞாயிறும் நானே வந்து ஏத்துறன்."

ஏறுவேன். அவர் சொல்வதை முழுக்கக் கேட்பேன். பிறகு கையை உயர்த்துவேன்.