சந்தை விலைக்குக் கீழே

ஆனி மாதம், திங்கள் இரவு

எங்கள் பெண்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பில் மொத்தமே நாங்கள் மூன்று பேர்தான் படிக்கிறோம். இன்னும் இரண்டு பேர் சேராவிட்டால் இந்த மாதத்தோடு வகுப்பை மூடிவிடுவார்கள். அதைப் பற்றி எங்கள் ஊர் வாரப் பத்திரிகைக்கு நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். பத்திரிகை ஆசிரியர் அதை நான்கு வரியாக வெட்டி, உசிலம்பட்டிச் சந்தையின் மாடு, பருத்தி விலைகளுக்குக் கீழே போட்டுவிட்டார். முதல் பக்கத்தில் வரும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். சனிக்கிழமை பூராவும் அழுதேன்.

இன்று கணக்குப் பாடத்தின்போது பருத்தி போடும் சம்சாரி ஒருவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, காபிக்கடையில பேப்பர் வாசிச்சாக. பருத்தி வெலைக்குக் கீழ எட்டாங் கிளாஸுன்னு வந்துச்சு. அந்த வெலை மாதிரி இதுவும் அடுத்த வாரம் மாறிப்போகுமா?"

"மாறாம இருக்கணும்னா உங்க பொண்ண அனுப்புங்கண்ணே" என்றார் டீச்சர்.

"கூட்டியாந்துட்டேன். வேப்ப மரத்தடியில நிக்கிது. உள்ள வர வெக்கப்படுது."

போன வருஷம் ஏழாம் வகுப்போடு நின்றுபோன பேச்சியம்மாள்தான் அது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் என்ன செய்தி என்று அவள் அப்பாவிடம் கேட்டேன்.

"அதெல்லாம் எவன் கேட்டான் தாயி?" என்றார்.

இன்னும் ஒருத்தி வேண்டும். அதே நான்கு வரியை அதே இடத்தில் அடுத்த வாரமும் போடச் சொல்லி ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். விலை ஏறும் வாரத்தில்தான் பேப்பர் கேட்கக் காபிக்கடையில் கூட்டம் நிற்குமாம். பேச்சி சொன்னாள். அதனால் சாயங்காலம் விளக்கு வைத்ததும், பருத்தி விலை ஏற வேண்டும் என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து, "நமக்கேதுடி பருத்தி?" என்று கேட்டாள்.