பாதி பிளேடு

பிப்ரவரி 10, செவ்வாய்

தையல் கம்பெனியில் ஒரு சட்டைக் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த பாதி பிளேடு முறிந்துவிட்டது. டப்பாவில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. கட்டிங் மாஸ்டர் தையல் பிரிக்கிற முள்ளை நீட்டினார். எனக்கு அது கைக்கு வராது என்றேன்.

என் வீட்டுக்காரர் இருக்கும்வரை பிளேடுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. "இருக்கும்வரை" என்று எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா? இவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். ஷேவ் செய்து முடித்த பிளேடை அதன் காகிதத்திலேயே மடித்து, என் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், இருபத்தெட்டு வருடம். ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. காகிதத்தோடு வளைத்து நீளவாக்கில் உடைத்தால் இரண்டு பாதி கிடைக்கும். ஒன்று வீட்டு மிஷினுக்கு, ஒன்று வேலைக்கு. இந்த வீட்டில் பிளேடு போடுகிற குப்பைத்தொட்டி நான்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து நாற்பது நாள் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: "சரி." பசிக்கிறதா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி. கோபம் வந்தால் அதே சரி, கொஞ்சம் சத்தமாக. முன்பும் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல்தான். இப்போது அதற்கு டாக்டர் சீட்டு இருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

மகள் வீடியோ காலில் வந்தாள். போனை முகத்துக்கு நேரே பிடித்ததும் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இது நான்காவது வாரம். இடது கையால் தாடையைத் தொட்டுக் காட்டி, பிறகு போனைத் தள்ளிவிட்டார்.

எனக்குப் புரிந்தது. பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். காய்ச்சலில் கிடந்தாலும் ஐந்தே முக்காலுக்கு முகத்தை மழித்துவிட்டுத்தான் டெப்போவுக்குக் கிளம்புவார். இப்போது கன்னமெல்லாம் நரைத் தாடி. வாயோரம் வழிவது அதில் ஒட்டிக்கொள்கிறது. இந்த முகத்தை மகளுக்குக் காட்ட இவருக்கு மனம் வரவில்லை.

"அப்பாவுக்கு என்னைப் பாக்கப் பிடிக்கலையாம்மா?"

"தாடிதான்டி காரணம்."

"தாடிக்காக யாராவது மூஞ்சியத் திருப்புவாங்களா? மார்ச் இருபத்தொண்ணு வரலாம்னு லீவு கேட்டிருக்கேன். அவருக்கு வேணாம்னா சொல்லிடு, வரல."

நான் பதில் சொல்வதற்குள் இவர் சுவரைப் பார்த்தபடியே கையை ஆட்டினார். வேண்டாம், வராதே என்று. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மகள் மின்சார ஷேவர் அனுப்பியிருக்கிறாள். கன்னத்தில் வைத்ததும் அதிர்வு தாங்காமல் தட்டிவிட்டார். கட்டிலுக்கு அடியில் கிடந்து தானாகவே கொஞ்ச நேரம் உறுமியது.

பிப்ரவரி 18, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் நூல் வெட்டுகிற கத்தரியால் தாடியைக் குட்டையாக்கினேன். தடுக்கவில்லை. சோப்பு நுரை பூசி அவருடைய பழைய ரேசரையே எடுத்தேன். கல்யாணமான வருடம் வாங்கியது, இரண்டு பக்கமும் வெட்டுகிற பிளேடு. எப்படிச் செய்வார் என்று எனக்கு மனப்பாடம். தினமும் சமையலறை வாசலில் நின்றால் கண்ணாடிக்குள் தெரியும். கண்ணாடியில் இடப்பக்கம் தெரிகிற கன்னத்தில்தான் ஆரம்பிப்பார். நானும் என் இடப்பக்கத்தில் ஆரம்பித்தேன்.

எதிரே உட்கார்ந்தால் அது அவருடைய வலது கன்னம். மரத்துப்போன பக்கம். மரமண்டை, அதுகூடத் தோணலியே எனக்கு.

காதோரத்திலிருந்து மூக்குப் பக்கமாக இழுத்தேன். முன்னால் போகிற விளிம்பைத்தான் பார்த்தேன். பின்னால் இன்னொரு விளிம்பு இருக்கிறதே, அது காதுமடலில் பட்டதைப் பார்க்கவில்லை. அவரும் அசையவில்லை. இவ்வளவு சுலபமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் தோளில் கிடந்த துண்டு சிவப்பாகிக்கொண்டே போனது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். இருபது நிமிடம் அழுத்திப் பிடித்த பிறகுதான் நின்றது.

அவர் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் சுவர்.

பாதிக் கன்னம் மழித்தபடி கிடக்கிறார்.

பிப்ரவரி 19, வியாழன்

இவர் என்னோடு பேசவில்லை என்று எழுத வந்தேன். நல்ல வேடிக்கை.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் கேட்டேன். மின்சார ஷேவர்தான் நல்லது, முடியாவிட்டால் ரேசரால் செய்யலாம், ஆனால் கை ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும் என்றார்கள்.

திரும்பும் வழியில் கத்தி, கத்தரிக்கோல் விற்கிற கடைக்குப் போனேன். ஒரு பக்கம் மட்டும் வெட்டுகிற ரேசர் உண்டா என்றேன். கடைக்காரர் இரண்டு வகையையும் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தார்.

"யாருக்கும்மா?"

"என் வீட்டுக்காரருக்கு."

"அவர் கை எப்படி? நடுங்குமா?"

"முகம் அவரோடது. கை என்னோடது."

அவர் இரண்டையும் விளக்கினார். இரண்டு பக்கம் இருப்பதில் பிளேடு மெல்லிசு, உள்ளே வளைந்து உட்காரும். ஒரு பக்கம் நுரை நிறைந்தால் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் இழுக்கலாம், பிளேடு எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒற்றைப் பக்கத்தில் பிளேடு தடிமன், முதுகில் மடித்த தகடு, வளையாது. ரேசரின் தலையைக் கன்னத்தில் படிய வைத்தாலே சாய்மானம் சரியாக இருக்கும். நாலு இழுப்புக்கு ஒருமுறை கழுவ வேண்டும், பிளேடுக்கு அந்தக் கடைக்கேதான் போக வேண்டும். "அடுத்தவங்க முகத்துல பண்ணறப்ப பின்னாடி என்ன இருக்குன்னு பயப்பட வேணாம். முதுகுல விரல் வச்சுக்கலாம்" என்றார்.

வாங்கியிருக்க வேண்டும், வாங்கவில்லை. பையில் என் வீட்டுக்காரருடைய பழைய ரேசரைக் கொண்டுபோயிருந்தேன். புதிதாக ஒன்று, என் கைக்கென்று வாங்கினால், இது இனி அவர் கைக்குப் போகாது என்று நானே முடிவு கட்டியதாகிவிடாதா? அதைச் சொல்ல நான் யார்? வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

மார்ச் 2, திங்கள்

கடைசிப் பாதி பிளேடும் மழுங்கிவிட்டது. கடையில் ஒரு முழு பிளேடு வாங்கி மதியம் உடைத்தேன். வாங்கிய பிளேடை உடைப்பது இதுதான் முதல் தடவை. என்னவோபோல் இருந்தது. கட்டிங் மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். இவரைப் பற்றி அவருக்குத் தெரியும், ரேசர் குழப்பத்தையும் சொல்லியிருந்தேன்.

"அக்கா, நீங்க எப்பவாவது முழு பிளேடால தையல் பிரிச்சிருக்கீங்களா?"

"யாராவது பிரிப்பாங்களா? விரல் போயிடும்."

"அப்புறம் எதுக்கு அவர் முகத்துல முழுசா வச்சீங்க?"

சொல்லிவிட்டு அவர் துணி விரிக்கப் போய்விட்டார். எனக்கு அரை மணி நேரம் வேலை ஓடவில்லை. இருபத்தெட்டு வருடமாக இரண்டு பக்கத்தையும் உடைத்து ஒரு பக்கமாக்கித்தான் கையில் எடுக்கிறேன். முதுகில் கட்டைவிரல் வைத்துத்தான் இழுக்கிறேன். ஒரு துணி கிழிந்ததில்லை. கடைக்காரர் சொன்னபோதே இது உறைத்திருக்க வேண்டாமா?

மார்ச் 4, புதன்

ஒற்றைப் பக்க ரேசர் வாங்கியாயிற்று. மதியம் கம்பெனியில் பலூனில் நுரை பூசி மழித்துப் பழகினேன். முதல் பலூன் வெடித்து எல்லா மிஷினும் நின்றது. நான்காவது பலூன் முழுசாக வீட்டுக்கு வந்தது.

பழைய ரேசரைக் கழுவித் துடைத்து, அவர் கைக்கு எட்டுகிற அலமாரியிலேயே வைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

விடவில்லை.

நுரைக் கிண்ணத்தைப் பார்த்ததுமே தலையைத் திருப்பினார். "ஒரு பக்கம்தாங்க, பின்னாடி வெட்டாது, பாருங்க" என்று என் கையில் இழுத்துக் காட்டினேன். பலூனைக் காட்டினேன். நான் கெஞ்சக் கெஞ்ச "சரி, சரி" என்று கத்தினார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. உங்க பொண்ணு லீவ கேன்சல் பண்றாளாம், சந்தோஷமான்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அப்போது அவர் ஒன்று செய்தார். இடது கையைக் கொண்டுபோய் வலது காதுமடலைப் பிடித்தார். நகம் பதிய அழுத்தினார். என்னையே பார்த்துக்கொண்டு, இன்னும் அழுத்தினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

நான்தான் அந்தக் கையைப் பிடித்து எடுத்துவிட்டேன்.

வெட்டியதற்காகக் கோபம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வலித்திருந்தால் மன்னித்திருப்பார். தன் முகத்தில் ரத்தம் வருவது தனக்கே தெரியவில்லை, துண்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அந்தப் பயத்தைச் சொல்ல அவரிடம் இருப்பது ஒரு சொல். கேட்க இருப்பது நான் ஒருத்தி. நானும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

மகளிடம், லீவை இன்னும் ஒரு வாரம் கேன்சல் செய்யாதே என்றேன். "எதுக்கும்மா?" என்றாள். தெரியாது என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

போன தடவை பயந்துவிடக் கூடாதென்று நான்தான் கண்ணாடியை மறைத்து வைத்திருந்தேன். இன்று முதலில் அவர் இடது கையில் கண்ணாடியைக் கொடுத்தேன். அப்புறம் பழைய ரேசர், புது ரேசர் இரண்டையும் போர்வைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எது வேண்டுமோ காட்டட்டும். எதுவும் வேண்டாமென்றால் அதையும் காட்டட்டும்.

வெகுநேரம் பழையதைப் பார்த்தார். கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு அதை எடுத்து, கைப்பிடியைத் திருகிப் பார்த்து, கீழே வைத்தார். பிறகு புதியதன் முதுகைக் கட்டைவிரலால் தடவினார். அதை என் பக்கம் தள்ளினார்.

இந்தத் தடவை உணர்ச்சி இருக்கிற பக்கத்தில் ஆரம்பித்தேன். தையல் பிரிப்பதுபோல முதுகில் விரலை வைத்து, நாலு இழுப்பு, ஒரு கழுவல். இவர் மூச்சு என் மணிக்கட்டில் பட்டுக்கொண்டிருந்தது. இந்த முகத்தைத் தொட்டு எத்தனை வருடம் ஆகிறது? கணக்குப் போட ஆரம்பித்து விட்டுவிட்டேன். தாடைக்கு அடியில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது. கடுகளவுதான். இருபத்தெட்டு வருடமாக இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. "இது எப்படிங்க ஆச்சு?" என்றேன். "சரி" என்றார். இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அவர் பேசிக்கொண்டிருந்த காலத்தில் கேட்டிருக்கலாம்.

வலது பக்கம் வந்ததும் நிறுத்தினேன். அவர் கண்ணாடியைக் காதுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை இறக்கவில்லை. ஒவ்வோர் இழுப்புக்கும் துண்டை எடுத்து வெள்ளையாக இருப்பதைக் காட்டினேன். முடிக்க முக்கால் மணி நேரம்.

முடிந்ததும் இடது உள்ளங்கையால் வலது கன்னத்தை மேலும் கீழும் தடவினார். கன்னத்துக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்திருக்கும்.

பின்னேரம் மகள் கூப்பிட்டாள். இவர் திரும்பவில்லை. "அப்பா, வரட்டுமா?" என்றாள். "சரி" என்றார். அது எந்தச் சரி என்று அவள் என்னைக் கேட்கவில்லை.

மார்ச் 21, சனி

வந்துவிட்டாள். இரண்டு கன்னத்திலும் முத்தம். ஒன்று தெரிந்திருக்கும்.

மார்ச் 29, ஞாயிறு

மகள் கிளம்பிப் போய் இரண்டு நாள். அவள் இருந்த வாரம் முழுக்க வீட்டில் சத்தம், இப்போது கடிகாரம் கேட்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷேவ். நான் பேசிக்கொண்டே செய்கிறேன். காலர், பட்டன், கட்டிங் மாஸ்டர் மாமியார் சண்டை. அவர் கண்ணாடியைப் பார்க்கிறார், என்னைப் பார்ப்பதில்லை. காரியம் முடிந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். நடக்கச் சொன்னாலும் கட்டிலிலிருந்து நாற்காலிவரைதான். அதற்கும் என் தோள் வேண்டும்.

மகள் விஷயத்துக்காக எனக்கு முகத்தைக் கொடுத்தார், அவ்வளவுதானோ என்னவோ. ஒரு ரேசர் வாங்கியதற்கு ரொம்ப எதிர்பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

அவசரத் தையல் இருந்ததால் இன்றும் போக வேண்டியிருந்தது. காலையில் ஷேவ் முடித்தேன். பிளேடு மழுங்கியிருந்தது, வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று ரேசரைக் கட்டில் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு ஓடினேன். வைத்திருக்கவே கூடாது. பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. நான் இல்லாதபோது இவரை எட்டிப் பார்த்துக்கொள்கிற எதிர்வீட்டு அம்மாவுக்கு இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை.

மதியம் வந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முக்காலியில் ரேசர் திறந்து கிடந்தது. பிளேடு இல்லை. போர்வையை உதறினேன், தலையணைக்கு அடியில் தேடினேன், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பார்த்தேன். "எங்கங்க வச்சீங்க? எங்க?" அவர் முன்னறைப் பக்கம் கையைக் காட்டினார்.

தையல் மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது. கட்டிலிலிருந்து எண்ணிப் பார்த்தேன், பதினான்கு அடி. வழியில் பிடித்துக்கொள்ளச் சுவரைத் தவிர எதுவும் இல்லை. சுவரில் நெடுக விரல் அடையாளம், காய்ந்துபோன சோப்பு நுரையோடு.

மிஷின் மேல் செய்தித்தாள் துண்டு ஒன்று இருந்தது. ஒற்றைக் கையால் மடித்தது, கோணல்மாணலாக. உள்ளே பிளேடு.

அவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. "எனக்காங்க?" என்றேன். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

"சரி" என்றார்.

நாளைக்கு முப்பது காலர் பிரிக்க இருக்கிறது. இதை உடைக்க வேண்டியதில்லை, அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம்.